டேஷ்கேமை நானே பொருத்தினேன், பனி விளக்குகளைக் கடையில் கொடுத்தேன்: இரு வேலைகளின் மதிப்புரை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் காரில் பனி விளக்குகளும் ரிவர்ஸ் கேமராவும் பொருத்துவதற்காக ஓர் ஆக்சஸரி கடையில் வண்டியை விட்டிருந்தேன். இந்த ஆண்டு, காருக்கு முன்னும் பின்னும் சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேம் என்ற கேமரா ஒன்றையும், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து அதற்கு நிரந்தர மின்னிணைப்பு கொடுக்கும் வயர் கிட்டையும் வாங்கி, நானே பொருத்தினேன். இரண்டு வேலைகளும் ஒரே டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில் அமைந்துவிட்டதால், என் வயரைக் கொண்டுபோகப் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றியபோது கடைக்காரர் செய்த வேலையும் என் கண்ணில் பட்டது. நாமே பொருத்திக்கொள்வதா, ஆளை வைத்துச் செய்வதா என்று யோசிக்கும் பலரும் மிச்சமாகும் கூலியைத்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். மூடிக்குள் மறைந்துபோகும் இணைப்பு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு இப்போது முதல் கேள்வி. அந்தக் கேள்வியைக் கடையில் சரியாகக் கேட்பதற்காகவே, ஒரு சிறு வேலையையாவது நம் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் கிட்டைப் பற்றிச் சொல்கிறேன். காரின் 12 வோல்ட் மின்சாரத்தை டேஷ்கேமுக்குத் தேவையான 5 வோல்ட்டாக மாற்றும் சிறிய பெட்டி ஒன்று, அதிலிருந்து வரும் மூன்று வயர்கள், ஃபியூஸ் இடத்தில் செருகி, அங்கிருந்து புதிய இணைப்பைக் கிளை பிரிக்க உதவும் இரண்டு ஃபியூஸ் டேப்புகள் (fuse tap; ஒட்டும் டேப் அல்ல) ஆகியவை இதில் இருந்தன. மஞ்சள் வயர், சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்குப் போக வேண்டும். சிவப்பு வயர், சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸுக்குப் போக வேண்டும். கறுப்பு வயர் காரின் உடலோடு சேரும் எர்த். சிவப்பு வயரில் மின்சாரம் நின்றதும், கார் நிறுத்தப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு கேமரா, நிற்கும் காரைக் கண்காணிக்கும் காவல் முறைக்கு மாறுகிறது. கிட்டின் வயர்கள் நல்ல நீளம், மேலுறை தரமானது. கையேடு மட்டும் மிகவும் ஏழ்மையாக இருந்தது. எந்த ஃபியூஸைத் தேர்ந்தெடுப்பது, டேப்பை எந்தப் பக்கமாகச் செருகுவது என்ற இரண்டு முக்கியமான விஷயங்களைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை.

ஃபியூஸ் தேர்வில் அவசரப்படக் கூடாது. ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குரிய ஃபியூஸ் இடங்களை, காலியாகத் தெரிந்தாலும் எளிதில் கை எட்டினாலும், தொடவே கூடாது. சார்ஜிங் சாக்கெட், ரேடியோ, உள் விளக்கு போன்ற, செயலிழந்தாலும் பயணத்துக்கு ஆபத்து நேராத இணைப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். எது எப்போது உயிரோடு இருக்கிறது என்பதை மல்டிமீட்டரால் சோதித்தேன். பல்பு பொருத்திய சோதனைக் கம்பியைப் பலர் பயன்படுத்துகிறார்கள்; அந்த பல்பு தனக்கென்று மின்சாரத்தை இழுப்பதால், தவறான வயரில் அது பட்டால் நுட்பமான மின்னணுச் சுற்றுகளைக் கெடுக்கவோ, ஏர்பேக் இணைப்பில் பட்டால் அதைவிடப் பெரிய விபரீதத்தை விளைவிக்கவோ முடியும். இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். இன்றைய கார்களில் சாவியை எடுத்த உடனே எல்லாம் அணைந்துவிடுவதில்லை. சில சுற்றுகள் பல நிமிடங்கள் விழித்திருந்து பிறகே உறங்குகின்றன. அதனால் கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் அளந்த பிறகே எது நிரந்தர மின்சாரம் என்று முடிவு செய்தேன்.

ஃபியூஸ் டேப்பின் திசை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தவறாகச் செருகினாலும் கேமரா ஓடும், தவறு வெளியே தெரியாது. ஃபியூஸ் செருகும் இரண்டு துளைகளில் ஒன்று பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் பக்கம், மற்றொன்று சாதனத்துக்குப் போகும் பக்கம். டேப்பில் பழைய இணைப்புக்கு ஒரு ஃபியூஸும் புதிய இணைப்புக்கு ஒரு ஃபியூஸும் பொருந்தும். டேப்பின் பொதுக்கால் மின்சாரம் வரும் பக்கத்தில் அமர்ந்தால், இரண்டு ஃபியூஸ்களும் தத்தம் சுற்றைத் தனித்தனியே காக்கின்றன. திருப்பிச் செருகிவிட்டால், புதிய சாதனத்தின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடி, அதன் சுமை கூடிவிடுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: டேப்பைச் செருகிய பின், பழைய இணைப்புக்குரிய ஃபியூஸை மட்டும் உருவிப் பார்க்க வேண்டும். அப்போதும் புதிய வயரில் மின்சாரம் இருந்தால் திசை சரி. இல்லாவிட்டால் டேப்பைத் திருப்பிப் போட வேண்டும். என் இரண்டு டேப்புகளில் ஒன்றை நான் தவறாகவே செருகியிருந்தேன், இந்தச் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுத்தது. டேப்புகளிலும் அளவுகள் பல; மினி, அதைவிடக் குட்டையான லோ புரொஃபைல் மினி, மைக்ரோ என்று ஒவ்வொரு காருக்கும் வேறுபடுவதால், ஃபியூஸைக் கையில் உருவிப் பார்த்த பிறகே வாங்குவது நல்லது.

எர்த் வயரை, வண்ணம் பூசாத உலோகத்தில் தொழிற்சாலையே முடுக்கிய போல்ட் ஒன்றுக்கு அடியில் வளையக் கிளிப்போடு இறுக்கினேன். பிளாஸ்டிக்கைத் தாங்கும் திருகாணியிலோ பெயின்ட் பூசிய தகட்டிலோ இறுக்கினால், சில மாதங்களில் கேமரா தானாக அணைந்து அணைந்து எரியத் தொடங்கும்.

பேட்டரி இறங்கிவிடுமே என்ற அச்சத்தை, வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் கேமராவுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும் கிட்டிலுள்ள அமைப்பு தணிக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய சாதாரண கார் பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட்டுக்கு வந்தால் பாதிதான் மிச்சம் என்று பொருள். என் கிட்டில் 11.8, 12.0, 12.2 என்ற மூன்று அளவுகளில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், நான் 12.2இல் வைத்தேன். என் கேமரா காவல் முறையில் கால் ஆம்பியர் இழுக்கிறது. அப்படியானால் ஒரு நாள் முழுக்க நின்றால் 6 ஆம்பியர்-மணி, மூன்று நாள் நின்றால் 18 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஐந்தில் இரண்டு பங்கு. நாள்தோறும் ஓடும் காருக்கு இது சுமையே இல்லை. வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு, காவல் முறையை அணைத்துவிடுவதே சரி.

இந்த வேலையில் என்னை உண்மையாகவே தயங்க வைத்த இடம், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூண். ஏ பில்லர் என்று சொல்லப்படும் அந்தத் தூணின் பிளாஸ்டிக் உறைக்குள், பக்கத்திரை ஏர்பேக் உள்ள கார்களில், அந்தப் பையின் ஒரு முனை மடித்து வைக்கப்பட்டிருக்கும். கேமரா வயர் அந்தப் பையின் முன்புறமாகப் போனால், விபத்து நேரத்தில் பை விரியும் பாதையில் வயர் குறுக்கே நிற்கும். அதனால் வயர் பையின் பின்புறமாக, தூணின் உலோகத்தை ஒட்டி, தொழிற்சாலை வயரிங்கோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். நான் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, கார்க் கையேடு சொன்ன நேரத்துக்கும் அதிகமாகக் காத்திருந்து, மஞ்சள் நிற இணைப்பிகள் எதையும் தொடாமல் இந்தப் பகுதியைச் செய்தேன். ஏர்பேக் சுற்றுகளை அடையாளம் காட்ட அந்த மஞ்சள் நிறத்தைத்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். உறையைப் பிடித்திருக்கும் கிளிப் சில மாடல்களில் ஒருமுறை கழற்றினால் மாற்றியே ஆக வேண்டியது. அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். தங்கள் காரில் பை எங்கே மடிந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவர்கள், மற்ற எல்லாவற்றையும் தாங்களே செய்தாலும், இந்த ஒன்றரை அடியை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பின் கேமராவின் வயரை, கூரை ஓரமாகக் கொண்டுபோய், டிக்கிக் கதவுக்கும் காருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். முதலில் அது நுழையாததால் கதவின் ஓரமாக வெளியே விட்டேன். கதவு மூடும்போதெல்லாம் வயர் நசுங்குவதைப் பார்த்து, மறுநாள் எல்லாவற்றையும் பிரித்து, ரப்பர் குழாய்க்குள் சிறிது சோப்பு நீர் தடவி, கெட்டிக் கம்பியின் துணையால் இழுத்தேன். மொத்தத்தில் ஒரு முழு நாளும் மறுநாள் காலையும் ஆயின. பழகிய கை இதை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்திருக்கும்.

இனி கடை வேலைக்கு வருகிறேன். வண்டியை எடுத்த அன்று கேட்டிருந்தால், அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். விளக்குகள் பம்பரோடு பொருந்தி நின்றன, ஸ்விட்ச் தொழிற்சாலையில் வைத்தது போலவே இருந்தது, கேமரா படம் தெளிவாக விழுந்தது. இப்போது மூடிகளுக்குப் பின்னால் நான் கண்டது வேறு. தலா 55 வாட் கொண்ட இரண்டு விளக்குகளும் சேர்ந்து 110 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன. அத்தனையும், சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே இல்லாமல், நேராக அந்தச் சிறிய ஸ்விட்ச் வழியாகவே மெல்லிய வயரில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சின் பின்புறப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அந்த மெல்லிய வயர் தாங்குவதைவிடப் பெரிய, மஞ்சள் நிற 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. அந்த வயர் சூடாகி உருகினாலும் ஃபியூஸ் போயிருக்காது. தொழிற்சாலை வயரை அறுக்காமலே அதன்மேல் கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்புகளால் மின்சாரத்தைக் கிளை பிரித்திருந்தார்கள். அந்தக் கிளிப்பின் தகடு, உள்ளே இறங்கும்போது வயரின் செப்பு இழைகளில் சிலவற்றை வெட்டிவிடக்கூடும். ஈரம் புகுந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. மற்ற இணைப்புகள் வெறுமனே முறுக்கி, சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டவை. வெயில் சூட்டில் அதன் பசை இளகி, டேப் தானாகவே அவிழ்ந்து தொங்கியது. மழை நாட்களில் ரிவர்ஸ் கேமரா ஏன் மினுக்கியது என்பதும், பனி விளக்குகளின் வெளிச்சம் ஏன் குறைந்துகொண்டே வந்தது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இதைச் சொல்வதால், எல்லாக் கடைகளும் இப்படித்தான் என்று ஆகிவிடாது. பழைய வயரிங்கை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய, கார் மின்வேலை மட்டுமே செய்யும் வேறொரு பட்டறைக்குப் போனேன். ஃபியூஸ் டேப்பின் திசையோடு மல்லுக்கட்டிய அனுபவம் இல்லாமல் போயிருந்தால், அங்கே என்ன கேட்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ரிலே வைப்பீர்களா, ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் வரும், இணைப்பை எப்படிப் போடுவீர்கள், என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் வயர் எந்தத் துளை வழியாக வரும் என்று நான்கு கேள்விகள் கேட்டேன். பட்டறைக்காரர் எரிச்சல்படவில்லை, மாறாக, ஒவ்வொன்றுக்கும் பொருளை எடுத்துக் காட்டியே பதில் சொன்னார். ரிலேயின் 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மின்சாரம், 87இலிருந்து விளக்குகளுக்கு, 86க்கு ஸ்விட்சிலிருந்து வரும் மெல்லிய வயர், 85 எர்த்துக்கு. இந்த அமைப்பில் ஸ்விட்ச் வழியாக ஓடுவது ரிலேயின் சுருளை இயக்கும் சிறு மின்சாரம் மட்டுமே. இணைப்புகளை உலோக மூட்டில் வைத்து அழுத்தி (கிரிம்ப் செய்து), சூட்டில் சுருங்கி இறுகும், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினார். வயர்க்கட்டைத் துணி டேப்பால் சுற்றினார். தகட்டுத் துளையின் கூரிய விளிம்பில் வயர் உராயாதபடி ரப்பர் வளையம் போட்டார். ஒவ்வொரு மூடியையும் திருப்பி மாட்டுவதற்கு முன் என்னை அழைத்துக் காட்டினார்.

அவரிடம் நான் கண்ட திறமையில் சில, எத்தனை காணொளி பார்த்தாலும் எனக்கு வராதவை. பம்பரை ஒரு கிளிப்கூட உடையாமல் கழற்றினார். வீட்டில் நான் உடைத்த பிளாஸ்டிக் மூடியின் கிளிப்பை வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பழக்கம் கேட்கும் வேலை என்று தெரிகிறது. விளக்குகளின் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காத உயரத்துக்குச் சுவரில் அளந்து திருப்பினார். வேலை முடிந்ததும் ஸ்கேன் கருவியை மாட்டி, காரின் கணினியில் புதிய பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்று உறுதிசெய்தார். கடைசியாக, எல்லாம் உறங்கிய பின் பேட்டரியிலிருந்து எவ்வளவு கசிகிறது என்று அளந்தார். பொதுவாக ஏற்கத்தக்கது எனப்படும் 50 மில்லி ஆம்பியருக்கு உள்ளேதான் இருந்தது. இந்த வேலைக்குக் கொடுத்த கூலியை நான் மனநிறைவோடு கொடுத்தேன்.

மற்ற சாதனங்களைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இப்படி அமைகிறது. கதவு மழைத்தடுப்பு, செல்போன் தாங்கி, ஒட்டும் பட்டிகள் ஆகியவற்றை யாரும் செய்யலாம். ஒட்டுமிடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக அழுத்தி, மூன்று நாள் தண்ணீர் படாமல் வைத்தால் போதும். 3எம் விஹெச்பி போன்ற, இருபுறமும் ஒட்டும் டேப்புகளின் பசை முழு வலிமை பெற 72 மணி நேரம் ஆகிறது. கண்ணாடிக்குச் சன் ஃபிலிம் ஒட்டுவதை நான் முயல மாட்டேன். தூசியற்ற அறையும் பழகிய கையும் இல்லாமல் அது சரியாக வராது. ஆம்ப்ளிஃபையர் போன்ற பெரிய மின்சுமைகளுக்குத் தடித்த வயரும், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடிக்குள் ஃபியூஸும் தேவைப்படுவதால், அனுபவமுள்ளவரிடமே கொடுப்பேன்.

சாதாரணமாகத் தோன்றும் தரைவிரிப்பிலும் சீட் உறையிலும்தான் மக்கள் கவனம் தவறுகிறார்கள். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களுக்கு, ஏர்பேக் விரியும் இடத்தில் தையல் பிரியும்படி அமைந்த உறை மட்டுமே பொருந்தும். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே உறையை நீட்டினால் மறுத்துவிட வேண்டும். தரைவிரிப்பைப் பற்றி 2009ஆம் ஆண்டு உலகுக்கே ஒரு கொடிய பாடம் கிடைத்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், விற்பனை நிலையம் இரவலாகக் கொடுத்த லெக்சஸ் ஈஎஸ் 350 காரில் வேறு மாடலுக்குரிய ரப்பர் விரிப்பு போடப்பட்டிருந்தது. அதில் ஆக்சிலரேட்டர் சிக்கியதால் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து, லெக்சஸ் கார்களைத் தயாரிக்கும் டொயோட்டா அங்கே சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது. அந்த விரிப்பைப் போட்டது தொழில் தெரிந்தவர்கள்தாம். பழைய விரிப்பின்மேல் புதியதை விரிக்காமல், தரையிலுள்ள கொக்கியில் மாட்டி, பெடலை முழுவதும் மிதித்துப் பார்க்கும் அந்த அரை நிமிடச் சோதனையை, யார் போட்டிருந்தாலும் நாமே செய்ய வேண்டும்.

மதிப்பெண்களாகச் சொன்னால், வயர் கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு; குறைந்த ஒன்று கையேட்டுக்காக. முதல் கடைக்கு ஒன்றரை, அதுவும் வெளிப்பூச்சின் நேர்த்திக்காக. இரண்டாம் பட்டறைக்கு நான்கரை. செய்த வேலையின் வயரிங் வரைபடத்தையும் எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன். என் சொந்த வேலைக்கு மூன்றரை: மின்னிணைப்பில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, ஆனால் பின் கூரையோரத்தில் வயர் மெலிதாகப் புடைத்துத் தெரிகிறது.

பார்க்கிங் சென்சார் பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பம்பரில் நான்கு துளைகள் போட வேண்டும். போட்ட துளையை அடைக்க வழியில்லை. ஆகவே அந்த வேலையை இரண்டாம் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். மின்சாரத்தை ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுக்கப் போவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். என் காரின் பின் விளக்குகள் எல்இடி என்பதால், அந்த வயரில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாக வருகிறதா என்று முதலில் அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பம்பரைக் கழற்றியதும் என்னையும் அழைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.